“தாத்தா சொல்வது பொய்” என்கிறான் மாணவன்: பாடத்தை நிறுத்திவிடலாமா?

கடிதத்தின் சுருக்கம்

எழுதியிருப்பவர் வேலூர் மாவட்டம், குடியாத்தம் வட்டாரத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் ஆசிரியை. பெயரையும் ஊரையும் தவிர்க்கும்படி கேட்டிருக்கிறார்; வேறு சில அடையாளங்களையும் நான் மாற்றியிருக்கிறேன். நான்காம், ஐந்தாம் வகுப்புகளை அவர் ஒருவரே சேர்த்துக் கவனிக்கிறார். கைபேசியில் வருவதையெல்லாம் பிள்ளைகள் அப்படியே நம்புகிறார்களே என்ற கவலையில், ‘உண்மையா, கருத்தா?’ என்று ஒரு பாடத்தைத் தாமே தயாரித்து நடத்தினார். பயிற்சித்தாளில் ஏறக்குறைய எல்லாரும் முழு மதிப்பெண் எடுத்தார்கள்.

சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது. ஒரு மாணவனின் தாத்தா வீட்டில் வேலூரைப் பற்றிய பழைய சொலவடையைச் சொல்லியிருக்கிறார்: “தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில்.” பையன் உடனே, “கோட்டைக் கோயிலில் சாமி இருக்கிறது, நான் கும்பிட்டிருக்கிறேன். தாத்தா சொல்வது பொய். டீச்சர் சொல்லிக்கொடுத்திருக்கிறார்” என்றிருக்கிறான். மறுநாள் தந்தை பள்ளிக்கு வந்து, “பெரியவர்களை எதிர்த்துப் பேசவா கற்றுக்கொடுக்கிறீர்கள்?” என்று கேட்டுவிட்டு, பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசப்போவதாகச் சொல்லிச் சென்றார். அதே வாரம் வகுப்பில் ஒரு பையன், “அவள் கறுப்பு, அதனால் அழகில்லை. இது உண்மைதானே டீச்சர்?” என்று ஒரு சிறுமியைக் காட்டிக் கேட்டான். ஆசிரியை “அது உன் கருத்து” என்று சொல்லிப் பாடத்தைத் தொடர்ந்தார். அந்தப் பெண் அழுதாள். அன்று முதல் கை தூக்குவதில்லை. இன்னொரு குழந்தை, “சாமி இருக்கிறது என்பது உண்மையா, கருத்தா?” என்று கேட்டபோது பதில் சொல்லத் தெரியாமல் திகைத்துவிட்டார். தலைமையாசிரியர், “புத்தகத்தில் இருப்பதை மட்டும் நடத்துங்கள்” என்கிறார். ‘இந்த வயதுக்கு இது அதிகமோ? நிறுத்திவிடலாமா? என் வேலைக்கு ஏதாவது பிரச்சினை வருமா?’ என்று கேட்கிறார்.

அன்புள்ள ஆசிரியைக்கு,

பாடத்தை நிறுத்த வேண்டாம். ஆனால் நடத்திய முறையை மாற்றியே ஆக வேண்டும். அதற்கான காரணம், நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில் இருக்கிறது: “உண்மை என்றால் சரிக் குறியும் கருத்து என்றால் பெருக்கல் குறியும் போடச் சொன்னேன்.”

ஒன்பது வயதுக் குழந்தைக்குப் பெருக்கல் குறி என்றால் என்ன? முதல் வகுப்பிலிருந்து தன் நோட்டில் சிவப்பு மையில் அதைப் பார்த்து வந்திருக்கிறது. தப்பு, மார்க் போயிற்று, வீட்டில் திட்டு விழும். நீங்கள் வாயால் என்ன விளக்கியிருந்தாலும், கை போட்ட குறி குழந்தைக்கு வேறொன்றைச் சொல்லிக்கொடுத்துவிட்டது. கருத்து என்பது தப்பு, தப்பு என்பது பொய். அந்த மாணவன் உங்கள் பாடத்தை மறக்கவில்லை. படித்ததை அப்படியே தாத்தாவிடம் பயன்படுத்திவிட்டான். அவனைக் கண்டிக்க இதில் ஒன்றும் இல்லை.

முழு மதிப்பெண் ஏன் ஏமாற்றியது

‘நினைக்கிறேன்’, ‘அழகான’, ‘சிறந்த’ போன்ற சொற்கள் வந்தால் கருத்து, எண்ணோ ஆண்டோ வந்தால் உண்மை என்று குறிப்புச் சொல்லிக்கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். பல ஆசிரியர்கள் இப்படித்தான் தொடங்குகிறார்கள். பயிற்சித்தாளுக்கு அது போதும். ஆனால் “வேலூர்க் கோட்டை 1900-இல் கட்டப்பட்டது” என்று எழுதிப் பாருங்கள். ஆண்டு இருப்பதால் எல்லாரும் உண்மை என்பார்கள். கோட்டை 16-ஆம் நூற்றாண்டு, விஜயநகரக் காலத்தது. “ஐந்தும் ஐந்தும் பத்து என்று நினைக்கிறேன்” என்று எழுதுங்கள், கருத்து என்பார்கள். பிள்ளைகள் சொல்லைப் பார்த்துப் பிரித்திருக்கிறார்கள், பொருளைப் பார்த்து அல்ல. கைபேசியில் வரும் புரளிகள் பெரும்பாலும் எண்ணையும் தேதியையும் போட்டுக்கொண்டுதான் வருகின்றன. அந்தக் குறிப்போடு போகும் குழந்தை முன்னைவிட எளிதாக ஏமாறும்.

ஆகவே ‘இது உண்மையா?’ என்று தொடங்காதீர்கள். ‘இதைச் சரிபார்க்க முடியுமா? எப்படி?’ என்று தொடங்குங்கள். சரிபார்க்க முடிகிற ஒரு கூற்று சரியாகவும் இருக்கலாம், தவறாகவும் இருக்கலாம். பார்த்த பிறகுதான் தெரியும். கருத்து என்பது சரிபார்த்து முடிக்கக்கூடியது அல்ல. அதற்குக் காரணம் கேட்கலாம், காரணம் வலுவாக இருக்கிறதா என்று பார்க்கலாம். இந்த இரண்டும் பிடிபட்டுவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது.

இந்த வயதுக்கு அதிகமோ என்று கேட்டீர்கள். எனக்குப் பிடித்தது இன்னொருவருக்குப் பிடிக்காமல் போகலாம் என்பது நான்கைந்து வயதிலேயே குழந்தைகளுக்குப் புரியத் தொடங்கிவிடுகிறது. கடினமான பகுதி வேறு: சரிபார்க்கக்கூடிய கூற்றும் தவறாக இருக்கலாம் என்பதும், எல்லாக் கருத்தும் சமமல்ல என்பதும். அது பெரிய பிள்ளைகளுக்கே எளிதல்ல. பல நாட்டு மாணவர்களின் கற்றலை ஒப்பிடும் பிசா (PISA) தேர்வில், 2018-ஆம் ஆண்டு 15 வயது மாணவர்களிடம் ஒரு நூல் மதிப்புரையைக் கொடுத்து, சில கூற்றுகளை உண்மை, கருத்து என்று பிரிக்கச் சொன்னார்கள். வளர்ந்த நாடுகளிலும் சராசரியாகப் பாதிப் பேர்கூட அதைச் சரியாகச் செய்யவில்லை. உங்கள் பிள்ளைகள் ஒரே வாரத்தில் கற்றுக்கொள்ளவில்லையே என்று வருந்தாதீர்கள். ஆண்டு முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக நடத்த வேண்டிய பாடம் இது.

கத்தரிக்காயிலிருந்து தொடங்குங்கள்

அடுத்த வகுப்புக்கு இரண்டு இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய், காய்கறிக் கடைத் தராசு ஒன்று, ஒரு கத்தி எடுத்துச் செல்லுங்கள். கத்தி உங்கள் கையிலேயே இருக்கட்டும். காயைக் கையில் வாங்கும் ஒவ்வொரு குழந்தையும் அதைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். நீங்கள் எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதிவிடுங்கள். இப்போதைக்கு எதையும் பிரிக்க வேண்டாம்.

“காம்புப் பக்கம் முள் இருக்கிறது.” “ஐம்பது கிராம் இருக்கும்.” “இதற்குள் விதையே இருக்காது.” “உலகத்திலேயே இதுதான் ருசியான கத்தரிக்காய்.” “எனக்குக் கத்தரிக்காயே பிடிக்காது.” “இதற்கு அரசாங்கம் ஏதோ பட்டம் கொடுத்திருக்கிறதாம்.” இப்படியெல்லாம் வரும். பிறகு ஒவ்வொன்றுக்கும், “இதை எப்படித் தெரிந்துகொள்வது?” என்று கேளுங்கள். முள்ளைத் தொட்டுப் பார்க்கலாம். எடையைத் தராசில் போடலாம். “விதையே இருக்காது” என்பதற்கு நீங்கள் காயை இரண்டாக வெட்டிக் காட்ட வேண்டும். விதை இருக்கும். இந்த இடத்தில் அவசரப்படாமல் நில்லுங்கள். அந்தக் குழந்தை பொய் சொல்லவில்லை. சரிபார்க்கக்கூடிய ஒன்றைச் சொன்னது, பார்த்தோம், தவறு என்று தெரிந்தது, அழித்துவிட்டு வேறு எழுதுகிறோம். தவறான கூற்றுக்கும் பொய்க்கும் உள்ள வேறுபாட்டை அந்த வகுப்பே கண்ணால் பார்த்துவிடும். உங்கள் மாணவன் தாத்தாவிடம் பேசியபோது அவனிடம் இல்லாமல் போனது இதுதான்.

“ருசியான கத்தரிக்காய்” என்பதற்குத் தராசு உதவாது. “ஏன் அப்படிச் சொல்கிறாய்?” என்று கேளுங்கள். “எண்ணெய்க் கத்தரிக்காய் வைத்தால் குழையாமல் இருக்கிறது, அம்மா எப்போதும் இதைத்தான் வாங்குவார்” என்று ஒரு குழந்தை காரணம் சொல்லும். இன்னொன்று “சும்மாதான்” என்று சொல்லும். இரண்டுமே கருத்துதான்; ஆனால் ஒன்றுக்குக் காரணம் இருக்கிறது. இதைப் பிள்ளைகளே கவனித்துச் சொல்வார்கள்.

மீதமிருப்பது “கொடுத்திருக்கிறதாம்” என்ற வாக்கியம். அந்தக் குழந்தை நேரில் அறியவில்லை, யாரோ சொல்லக் கேட்டிருக்கிறது. அதை வாக்கியத்தின் கடைசியில் ‘ஆம்’ போட்டு ஒழுங்காகவும் சொல்லிவிட்டது. கரும்பலகையில் சரிபார்க்கக்கூடியதற்கு முதல் கட்டம், கருத்துக்கு இரண்டாவது கட்டம் போட்டு, இதற்கென்று மூன்றாவதாக ஒரு கட்டம் போடுங்கள்: கேள்விப்பட்டது. விசாரித்தால் அது முதல் கட்டத்துக்குப் போய்விடும். 2023-இல் இந்தக் கத்தரிக்காய்க்கு, இந்த வட்டாரத்துக்கே உரிய பொருள் என்பதற்கான புவிசார் குறியீடு கிடைத்தது. கோட்டை அகழியில் ஆயிரக்கணக்கில் முதலைகள் இருந்தனவாம், கோட்டையிலிருந்து விரிஞ்சிபுரம் வரை சுரங்கப்பாதை இருந்ததாம் என்பவை இப்போதைக்கு மூன்றாவது கட்டத்திலேயே இருக்கட்டும். அவற்றைச் சொல்ல வேண்டாம் என்று யாரையும் தடுக்க வேண்டியதில்லை. கேட்கவே சுவையான கதைகள் அவை. ‘ஆம்’ போட்டுச் சொல்கிறோமா என்பதுதான் கேள்வி. கைபேசிச் செய்திகளையும் இதே கட்டத்தில்தான் முதலில் எழுத வேண்டும். சரிக் குறி, பெருக்கல் குறி இரண்டையும் விட்டுவிட்டு மூன்று கட்டங்களுக்கும் மூன்று நிறங்கள் கொடுத்துவிடுங்கள். சிவப்பு மட்டும் வேண்டாம்.

தாத்தா சொன்னது பொய்யா?

இல்லை. அவர் இளைஞராக இருந்தவரை அது உண்மை. கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயில் நெடுங்காலம் மூலவர் இல்லாமல்தான் இருந்தது. லிங்கம் சத்துவாச்சாரியில் வைக்கப்பட்டிருந்தது. 1981-இல்தான் அதைக் கோட்டைக்குள் கொண்டுவந்து மீண்டும் வழிபாட்டைத் தொடங்கினார்கள். தாத்தா தாம் கண்டதைச் சொன்னார், பேரன் தான் கண்டதைச் சொன்னான். இருவருமே சரி. விட்டுப்போனது ஆண்டு மட்டும்தான்.

உண்மைக்கும் தேதி உண்டு என்பதைக் கற்பிக்க நம் மாவட்டத்தைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது. 1989 வரை இது வட ஆற்காடு மாவட்டம். திருவண்ணாமலை அப்போது இதற்குள் இருந்தது. 2019 வரை ஆம்பூரும் வாலாஜாவும் வேலூர் மாவட்டம். இன்று ஒன்று திருப்பத்தூரில், மற்றொன்று இராணிப்பேட்டையில். பாலாறு தண்ணீர் இல்லாத ஆறுதான் என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருக்க, 2021 நவம்பரில் அதே ஆறு கரைபுரண்டு ஓடியது. அந்த வெள்ளம் உங்கள் பிள்ளைகளில் சிலருக்கே நினைவிருக்கலாம்.

அந்தப் பையனிடம் “தாத்தாவிடம் மன்னிப்புக் கேள்” என்று மட்டும் சொல்லி முடித்துவிடாதீர்கள். “தாத்தா, நீங்கள் பார்த்தபோது கோயில் எப்படி இருந்தது? சாமி வந்த அன்று நீங்கள் போனீர்களா?” என்று கேட்டுவரச் சொல்லுங்கள். முடிந்தால் அவரையே ஒரு நாள் வகுப்புக்கு அழையுங்கள். பிள்ளைகள் கேள்விகளை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளட்டும். எதை அவர் நேரில் கண்டார், எதைக் கேள்விப்பட்டார், எது அவருடைய கருத்து என்று அவர் போன பிறகு மூன்று நிறங்களில் பிரிக்கட்டும்.

ஐந்தாம் வகுப்புக்கு இன்னும் ஒரு படி போகலாம். 1806 ஜூலை 10 அதிகாலையில் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தார்கள். புதிய தலைப்பாகையும், நெற்றிக் குறிக்கும் தாடிக்கும் போட்ட தடையும் காரணங்களில் சில. இவற்றுக்கு ஆவணங்கள் இருக்கின்றன. ஆனால் “இதுதான் இந்தியாவின் முதல் சுதந்திரப் போர்” என்பது ஒரு மதிப்பீடு. 1857 சிப்பாய்க் கிளர்ச்சிக்கு 51 ஆண்டுகள் முந்தியது என்பது அதற்கு ஆதரவான காரணம். ஒரே நாளில் அடக்கப்பட்டது, ஒரு கோட்டைக்குள் நடந்தது என்பவை எதிரான காரணங்கள். பிள்ளைகள் இரு பக்கமும் பேசட்டும். காரணம் காட்டிப் பேசும் பழக்கம் இங்கேதான் வரும்.

அந்தச் சிறுமி

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது இந்தப் பகுதிதான். தந்தையின் புகாரைவிட இது அவசரமானது.

“அது உன் கருத்து” என்று நீங்கள் சொன்னது இலக்கணப்படி சரி. ஆனால் அந்தப் பெண்ணுக்கு என்ன கேட்டிருக்கும்? ‘அவன் அப்படி நினைக்கலாம், டீச்சருக்கு அதில் மறுப்பில்லை’ என்றுதான். கருத்து என்று பெயர் வைத்துவிட்டால் எதையும் யாரைப் பற்றியும் சொல்லலாம் என்று வகுப்பும் புரிந்துகொண்டிருக்கும். அப்படியல்ல. அவன் சொன்னதில் இரண்டு துண்டுகள் இருக்கின்றன. தோலின் நிறம் எல்லாரும் பார்க்கக்கூடியது. ‘அழகில்லை’ என்பது தீர்ப்பு. இரண்டையும் ‘அதனால்’ என்று ஒட்டிவிட்டான். அந்த ‘அதனால்’ எங்கிருந்து வந்தது என்றுதான் கேட்க வேண்டும். விளம்பரத்திலிருந்தா, வீட்டுப் பேச்சிலிருந்தா? நீங்கள் குறிப்பிட்ட சொலவடையில்கூட, சிலர் கடைசியில் ‘அழகில்லாத பெண்கள்’ என்று சேர்த்துச் சொல்வதுண்டு. ஆறும் கோட்டையும் கோயிலும் பார்த்தறியக்கூடியவை. அவற்றோடு ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்லும்போது இந்த வசையும் பார்த்தறிந்த செய்திபோல ஒலிக்கிறது. “அந்தத் தெருப் பிள்ளைகள் அழுக்கு”, “பெண் பிள்ளைக்குக் கணக்கு வராது” என்பவையும் இப்படித்தான் உண்மையின் சட்டையைப் போட்டுக்கொண்டு வருகின்றன. கைபேசிப் புரளிக்காக நீங்கள் தொடங்கிய பாடத்துக்கு இதைவிடப் பெரிய வேலை இருக்கிறது என்று நான் நம்புவது இதனால்தான்.

நாளையே அந்தப் பெண்ணைத் தனியாக அழைத்துப் பேசுங்கள். “அன்று நான் அவனை அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும்” என்று சொல்லுங்கள். குழந்தையிடம் இதைச் சொல்வதால் ஆசிரியரின் மதிப்புக் குறையாது. பிறகு வகுப்பில் பெயர் எதுவும் சொல்லாமல் ஒரு விதி போடுங்கள்: ஒருவருடைய உடல், சாதி, வீடு பற்றி இங்கே யாரும் கருத்துச் சொல்வதில்லை. அந்தப் பையனையும் தனியாகப் பாருங்கள். அவன் எங்கோ கேட்டதைத்தான் சொல்லியிருப்பான்.

சாமியும் பேயும் பாம்பும்

“சாமி இருக்கிறது என்பது உண்மையா, கருத்தா?” என்று கேட்ட குழந்தையிடம், “அது நம்பிக்கை. வீட்டுக்கு வீடு வேறுபடும். அதை இந்தக் கட்டங்களில் போட வேண்டாம்” என்று அமைதியாகச் சொல்லலாம். கேள்வியைத் தட்டிக்கழிப்பதாக நினைக்காதீர்கள். ஒன்பது வயதில், பல மதத்துப் பிள்ளைகள் சேர்ந்து உட்காரும் வகுப்பில், ஆசிரியரின் தீர்ப்பு எந்தப் பக்கம் விழுந்தாலும் சில வீடுகளை அது காயப்படுத்தும். வேலூர்க் கோட்டைக்குள் கோயிலும் தேவாலயமும் மசூதியும் இருக்கின்றன என்பதை யாரும் போய்ப் பார்க்கலாம். அது முதல் கட்டம்.

புளியமரத்துப் பேய் ‘கேள்விப்பட்டது’. யார் பார்த்தார்கள் என்று விசாரித்தால், ஒவ்வொருவரும் இன்னொருவரைக் காட்டுவார்கள். அந்த விசாரணையைப் பிள்ளைகளே செய்யட்டும்.

ஆனால் நம்பிக்கை என்ற பெயரில் ஒரு கூற்று உயிரோடு விளையாடினால் அங்கே நீங்கள் உறுதியாக நிற்க வேண்டும். ‘பாம்பு கடித்தால் மந்திரித்தால் போதும்’ என்பது வீட்டுக்கு வீடு வேறுபடும் கருத்து அல்ல; சரிபார்க்கப்பட்டு, தவறென்று தெரிந்த ஒன்று. நஞ்சுள்ள பாம்பு கடித்தால் நஞ்சுமுறி மருந்துதான் சிகிச்சை. தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். வயல் வழியாக நடந்து வரும் பிள்ளைகளுக்கு இதில் இரண்டு பக்கம் பேசக் கூடாது.

சட்டம், தலைமையாசிரியர், தந்தை

கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 29 உங்கள் பக்கம் இருக்கிறது. குழந்தை அச்சமின்றித் தன் கருத்தைத் தாராளமாக வெளியிட உதவ வேண்டும், செயல்பாடு வழியாகவும் தானே கண்டறிவதன் வழியாகவும் கற்க வேண்டும் என்று பாடத்திட்டத்துக்கான நெறிகளில் அது சொல்கிறது. அறிவியல் மனப்பான்மையையும் ஆய்ந்து அறியும் உணர்வையும் வளர்ப்பது குடிமகனின் கடமை என்கிறது அரசியலமைப்பின் 51அ பிரிவு. பள்ளி மேலாண்மைக் குழு அதே கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி அமைந்தது. பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணிப்பதும் மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பதும் அதன் வேலை. ஒரு பெற்றோர் அங்கே கேள்வி எழுப்புவது அவருடைய உரிமை. அதை உங்கள் மீதான தாக்குதலாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இதனால் மட்டும் வேலைக்கு ஆபத்து வரும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் எழுத்தில் ஒன்றும் இல்லாமல் நடத்தியது உங்களுக்குப் பலவீனம்தான். இனி ஒவ்வொரு வகுப்பையும் தேதி, கற்றல் விளைவு, செயல்பாடு எல்லாம் போட்டுப் பாடக்குறிப்பேட்டில் எழுதி, தலைமையாசிரியரின் கையொப்பம் வாங்கிவிடுங்கள். மத விவகாரம் என்று யாராவது திருப்ப முயன்றால் அந்தப் பக்கங்களே உங்களுக்காகப் பேசும். எழுத்து மூலமாக விளக்கம் கேட்டால் மட்டும், பதில் எழுதுவதற்கு முன் உங்கள் ஆசிரியர் சங்கத்தையோ வழக்கறிஞரையோ பாருங்கள். அது என் துறை அல்ல.

தலைமையாசிரியரிடம் சட்டப் பிரிவைச் சொல்லித் தொடங்காதீர்கள். அவருக்கு இருப்பது ஊரோடு சண்டை வேண்டாம் என்ற கவலை. “வாரம் ஒரு பாடவேளை கொடுங்கள், முதல் வகுப்பில் நீங்களும் வந்து உட்காருங்கள்” என்று கேளுங்கள். சூழ்நிலையியல் பாடத்தோடு இணைத்துக் காட்டினால் ‘புத்தகத்துக்கு வெளியே’ என்ற பேச்சும் குறையும்.

தந்தையைக் குழுக் கூட்டம் வரை காத்திருக்க வைக்காமல் நீங்களே போய்ப் பாருங்கள், தாத்தா வீட்டில் இருக்கும் நேரமாக. பையன் பேசிய தோரணை தவறு, அதற்குப் பாதிக் காரணம் என் பயிற்சித்தாள் என்று சொல்லிவிட்டு, 1981 விஷயத்தைத் தாத்தாவிடமே கேளுங்கள். அவர் பேசத் தொடங்கினால் குறுக்கிடாமல் கேட்டு, வகுப்புக்கு எந்த நாளில் வர முடியும் என்றும் கேட்டுக்கொண்டு வாருங்கள். அந்த நாளைத் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.